சேவைக்கும் சம்பளத்துக்கும் இடையில்: இந்தியாவில் சமூகப்பணிக் கல்வியின் வரலாறு

1936ஆம் ஆண்டு பம்பாயின் நாக்பாடாப் பகுதியில் இருபது மாணவர்களோடு ஒரு கல்வி நிலையம் தொடங்கியது. அதன் பெயர் சர் தொராப்ஜி டாட்டா கிராஜுவேட் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க். ஈராண்டுப் படிப்பை முடித்தவர்களுக்கு அது வழங்கிய பட்டயத்தின் பெயரோ டிப்ளமோ இன் சோஷியல் சர்வீஸ் அட்மினிஸ்ட்ரேஷன். வாசற்பலகையில் 'வொர்க்', சான்றிதழில் 'சர்வீஸ்'. இந்த முரணுக்கு எளிய விளக்கம் ஒன்று உண்டு. நிலையத்தின் முதல் இயக்குநர் கிளிஃபர்ட் மான்ஷார்ட் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அப்பல்கலைக்கழகத்தின் இத்துறைப் பள்ளி 'சோஷியல் சர்வீஸ் அட்மினிஸ்ட்ரேஷன்' என்ற பெயரிலேயே இயங்கிவந்தது. அங்கே இரு சொற்களும் ஏறத்தாழ ஒரே பொருளில் புழங்கின. இந்தியாவுக்கு வந்ததும் அவை பிரிந்தன. ஒன்று சம்பளத்துக்குரியதாயிற்று, மற்றொன்று புண்ணியத்துக்குரியதாயிற்று. இந்தியச் சமூகப்பணிக் கல்வியின் எண்பத்தைந்துக்கும் மேற்பட்ட ஆண்டுகால வரலாற்றை இந்தப் பிளவின் வரலாறாகவும் வாசிக்க முடியும்.

இந்திய மொழிகள் ஒவ்வொன்றும் இப்பிளவைத் தமக்குள் பதித்துவைத்திருக்கின்றன. இந்தியில் பல்கலைக்கழகத் துறையின் பெயர் 'சமாஜ் கார்ய'. மக்கள் நாவில் வழங்குவது 'சமாஜ் சேவா'. வங்காளத்தில் பாடநூலுக்குரிய சொல் 'சமாஜ்கர்ம'. தமிழில் பட்டச் சான்றிதழில் 'சமூகப்பணி', நாளிதழில் 'சமூக சேவை'. பாடத்துறைச் சொற்கள் யாவும் ஆங்கிலத்திலிருந்து உறுப்புக்கு உறுப்பு பெயர்க்கப்பட்டவை. வழக்குச் சொற்களோ சமயத்திலும் சீர்திருத்த இயக்கங்களிலும் வேரூன்றியவை. தமிழ்ச் சொல்லில் கூடுதலாக ஒரு சிக்கலும் உள்ளது. 'பணி' என்பது வேலையையும் குறிக்கும், ஏவலையும் குறிக்கும். வினையாகும்போது வணங்குதலைக் குறிக்கும். சேவையிலிருந்து விலகி நிற்கவேண்டிய சொல்லே பாதி சேவையாக இருக்கிறது.

மான்ஷார்ட்டுக்கு முன்பே பம்பாய் மாகாணத்தில் சேவைக்கு உறுதியான அமைப்புகள் இருந்தன. 1905இல் கோகலே புனேயில் இந்திய ஊழியர் சங்கத்தைத் தொடங்கினார். அதன் உறுப்பினர்கள் தனிப்பட்ட வருவாய் தேடுவதில்லை என்றும், சங்கம் அளிக்கும் படியைக் கொண்டு வாழ்வதென்றும் உறுதி ஏற்றனர். அச்சங்கத்தைச் சேர்ந்த என். எம். ஜோஷி 1911இல் பம்பாயில் சமூக சேவைக் கழகத்தை நிறுவினார். ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் இரவுப் பள்ளிகள், நூலகங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் என அதன் செயற்களம் விரிந்தது. தன்னார்வலர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி வகுப்புகளையும் அக்கழகம் நடத்தியது. இம்மனிதர்களின் நேர்மையைப் பற்றி இன்று ஐயம் எழுப்ப எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் ஒரு கேள்வியைத் தவிர்க்க இயலாது. சம்பளம் வேண்டாம் என்று சொல்லக்கூடியவர்கள் யார்? வீட்டில் அடுத்த வேளைச் சோற்றுக்குத் தன் கூலியை நம்பி ஒருவரும் இல்லாதவர்கள், அல்லது அப்படி இருந்தும் தாங்கிக்கொள்ளும் கல்வியும் உறவு வலைப்பின்னலும் உடையவர்கள். சேவை என்ற அறம் தன்னையறியாமலே ஒரு நுழைவுத் தேர்வையும் வைத்திருந்தது. அன்றைய இந்தியாவில் அத்தேர்வில் எளிதாகத் தேறக்கூடிய சாதிகள் எவை என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

மான்ஷார்ட் 1925இல் அமெரிக்க மராத்தி மிஷனின் சார்பில் பம்பாய்க்கு வந்தார். நாக்பாடா அப்போது பல மதத்தினரும் பல மொழியினரும் நெருக்கியடித்து வாழ்ந்த ஏழைக் குடியிருப்பு. காமாட்டிபுராவுக்கு அண்டையில் இருப்பது. அங்கே அவர் பொறுப்பேற்று நடத்திய நாக்பாடா நெய்பர்ஹுட் ஹவுஸ், அமெரிக்க நகரங்களின் குடியேற்ற இல்லங்களை முன்மாதிரியாகக் கொண்டது. உதவி செய்ய வருபவர் அந்தப் பகுதியின் அன்றாடத்தில் கலந்திருக்க வேண்டும் என்பது அம்முறையின் அடிப்படை. அந்தப் பத்தாண்டு அனுபவத்திலிருந்து அவர் வந்தடைந்த முடிவு, நல்லெண்ணம் மட்டும் போதாது என்பது. வறுமைக்கும் கடனுக்கும் நோய்க்கும் இடையிலான தொடர்பைக் கண்டறியவும், ஒரு குடும்பத்தின் வரலாற்றைப் பதிவுசெய்யவும், ஒரு நிறுவனத்தின் கணக்கை நடத்தவும் பயிற்சி வேண்டும். 1932இல் உருவான சர் தொராப்ஜி டாட்டா அறக்கட்டளை அந்த யோசனைக்குப் பணம் தந்தது. பட்டதாரிகள் மட்டுமே சேரலாம் என்ற விதியோடு பள்ளி பிறந்தது.

பாடத்திட்டம் பெரும்பாலும் கடல் கடந்து வந்ததே. தனிநபர் சமூகப்பணி, குழுப்பணி, சமுதாய ஒழுங்கமைப்பு என்ற பகுப்பு அமெரிக்கப் பள்ளிகளில் வளர்ந்தது. மேரி ரிச்மண்டின் 1917ஆம் ஆண்டு நூலைத் தொட்டு உருவான தனிநபர் பணி முறை, சிக்கலைத் தனிமனிதருக்கும் அவரது சூழலுக்கும் இடையிலான பொருத்தமின்மையாகக் கண்டது. சூழல் என்பது சாதியாக இருக்கும் நாட்டில் இந்தச் சட்டகம் எதைக் காணும், எதைக் காணாது என்ற கேள்வி வெகு காலத்துக்குப் பின்னரே வகுப்பறைக்குள் உரக்க எழுந்தது. தலித், பழங்குடியினர் ஆய்வும் செயல்பாடும் என்ற பெயரில் ஒரு முதுகலைப் படிப்பு அதே நிறுவனத்தில் உருவாவதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. ஆனால் இறக்குமதி என்ற ஒற்றைச் சொல்லால் தொடக்கத்தைத் தள்ளிவிடவும் கூடாது. 1941இல் மான்ஷார்ட் விலகியபின் இயக்குநரானவர் ஜே. எம். குமரப்பா. காந்தியப் பொருளியலாளர், தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாவின் உடன்பிறந்தவர். 1940இல் தொடங்கிய இந்தியன் ஜர்னல் ஆஃப் சோஷியல் வொர்க், உள்நாட்டுச் சிக்கல்களைப் பற்றிய ஆய்வுகளுக்கு இடமளித்தது. 1944இல் பள்ளியின் பெயர் டாட்டா இன்ஸ்டிடியூட் ஆஃப் சோஷியல் சயின்சஸ் என மாறியபோது, பெயரிலிருந்து 'வொர்க்' என்ற சொல் மறைந்துவிட்டது.

படித்து முடித்தவர்களுக்கு வேலை எங்கிருந்து வந்தது என்பதே இவ்வரலாற்றின் மிகச் சுவையான பகுதி. சேரியிலிருந்தும் அநாதை இல்லத்திலிருந்தும் வரும் என்று எண்ணப்பட்ட வேலை, ஆலைவாயிலில் காத்திருந்தது.

பம்பாய்ப் பஞ்சாலைகளில் ஆளெடுப்பு ஜாபர் எனப்பட்ட இடைத்தரகரின் கையில் இருந்தது. தன் ஊர்க்காரரையும் சாதிக்காரரையும் வேலைக்குக் கொண்டுவருபவர் அவர். விடுப்புக் கொடுப்பவர் அவர். கடன் தருபவரும் பல வேளைகளில் அவரே. தொழிலாளி அவருக்குக் கொடுக்கும் கையூட்டுக்குத் தஸ்தூரி என்று பெயர். கல்கத்தாச் சணல் ஆலைகளில் சர்தார், தோட்டங்களில் கங்காணி என இதே மனிதர் வேறு பெயர்களில் இருந்தார். 1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கையளித்த விட்லி ஆணையம், ஆளெடுக்கும் அதிகாரத்தை இவர்களிடமிருந்து எடுத்துத் தொழிலாளர் அலுவலர் என்ற புதிய பதவிக்கு மாற்றப் பரிந்துரைத்தது. 1934இல் பம்பாய் மாகாணம் இயற்றிய தொழில் தகராறு சமரசச் சட்டம், தொழிலாளரின் நலனைக் கவனிக்க அரசுத் தரப்பில் ஒரு தொழிலாளர் அலுவலரை நியமிக்க வழி செய்தது. நாக்பாடாவில் பள்ளி திறந்தபோது, அதன் மாணவர்களுக்குரிய முதல் நாற்காலி இவ்வாறு ஏற்கெனவே செய்யப்பட்டிருந்தது.

சுதந்திர இந்தியா அந்த நாற்காலியைச் சட்டமாக்கியது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு, 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் பணிபுரியும் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 300 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் பணிபுரியும் தோட்டங்களுக்கு இதை விரித்தது. நல அலுவலருக்குரிய தகுதிகளை மாநில விதிகள் வகுத்தன. பல்கலைக்கழகப் பட்டம் ஒன்று. சமூகப்பணியிலோ சமூக சேவையிலோ அங்கீகாரம் பெற்ற பட்டமோ பட்டயமோ மற்றொன்று. மூன்றாவதாக ஒரு தகுதி பல மாநில விதிகளில் இடம்பெற்றது: அத்தொழிற்சாலையின் பெரும்பான்மைத் தொழிலாளர் பேசும் மொழியில் போதிய அறிவு. வகுப்பறையில் ஆங்கிலத்தில் பயின்ற ஒருவர் தொழிற்கூடத்தில் எந்த மொழியில் பேச வேண்டும் என்பதைப் பாடத்திட்டத்தை விடவும் தொழிற்சாலை விதி தெளிவாக அறிந்திருந்தது.

அதே விதிகள் இன்னொன்றையும் சொல்லின: நல அலுவலர் தொழிலாளர் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளைக் கையாளக் கூடாது, தொழிலாளருக்கு எதிராக நிர்வாகத்தின் சார்பில் தீர்ப்பாயத்தில் தோன்றக் கூடாது. இவ்விதி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதைச் சட்டம் வகுத்தவர்கள் அறிந்தே எழுதியிருக்க வேண்டும். சம்பளம் தருபவர் முதலாளி, பார்த்துக்கொள்ள வேண்டியவர் தொழிலாளி. இந்த இரட்டை விசுவாசத்தில் எது வென்றது என்பதைப் படிப்பின் பெயர்மாற்றங்களே காட்டிவிடுகின்றன. தொழிலாளர் நலம் என்ற சிறப்புப் பாடம், தொழிலாளர் நலமும் பணியாளர் மேலாண்மையும் ஆயிற்று. பிறகு பணியாளர் மேலாண்மையும் தொழிலுறவும். இறுதியில் மனிதவள மேலாண்மை. கல்கத்தாவில் 1953இல் தொடங்கிய நிறுவனம் ஒன்று இந்தப் பயணத்தின் இரு முனைகளையும் தன் பெயரிலேயே தாங்கிநிற்கிறது: இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் சோஷியல் வெல்ஃபேர் அண்ட் பிசினஸ் மேனேஜ்மென்ட். பிற்காலத்தவருக்கு விந்தையாகத் தோன்றும் இந்த 'அண்ட்' அன்றைக்கு இயல்பான இணைப்பு. இன்று தேசியத் தகுதித் தேர்வில் சமூகப்பணிக்குப் பாட எண் 10. தொழிலாளர் நலத்துக்கும் மனிதவள மேலாண்மைக்கும் பாட எண் 55. ஒரே வயிற்றில் பிறந்தவை தனித்தனிக் குடும்ப அட்டை வாங்கிவிட்டன.

இதற்கிடையில் பள்ளிகள் பெருகின. 1946இல் இளம்பெண்கள் கிறித்தவ சங்கத்தின் தேசிய அமைப்பு லக்னோவில் தொடங்கிய பள்ளி, மறு ஆண்டே தில்லிக்குப் பெயர்ந்தது. இத்துறையில் முதன்முதலாக முதுகலைப் பட்டம் அங்கேதான் பிறந்தது. காசி வித்யாபீடம், பரோடா என்று பட்டியல் நீள்கிறது. சென்னையில் 1952இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் உருவாகக் காரணமானவர் மேரி கிளப்வாலா ஜாதவ். கில்ட் ஆஃப் சர்வீஸ் என்ற தன்னார்வ அமைப்பில் வளர்ந்த ஒருவரே தொழில்முறைப் பள்ளியின் தேவையையும் உணர்ந்தார் என்பது கவனத்துக்குரியது. சேவையையும் தொழிலையும் எதிரெதிராக நிறுத்திப் பேசுவது எளிது. தனிமனித வாழ்க்கைகள் அவ்வளவு ஒழுங்காகப் பிரிந்து நிற்பதில்லை.

மருத்துவமனை வேறொரு வாயில். 1946இல் பம்பாய் ஜே. ஜே. மருத்துவமனையில் முதல் மருத்துவச் சமூகப்பணியாளர் நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு வெளிவந்த போர் குழு அறிக்கையும் இப்பதவியின் தேவையைப் பேசியது. நோயாளி மருந்தை ஏன் பாதியில் நிறுத்தினார், கூலியிழப்பை யார் ஈடுசெய்வார், வீடு அவரைத் திரும்ப ஏற்குமா என்பவை இவரது கேள்விகள். இந்த வாயில் வழியாகச் சென்றவர்களுக்கே சட்டத்தில் துல்லியமான இலக்கணம் கிடைத்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உளநலச் சமூகப்பணியாளர் என்பவர் சமூகப்பணியில் முதுநிலைப் பட்டமும் உளநலச் சமூகப்பணியில் ஈராண்டு முழுநேர எம்.ஃபில். பட்டமும் பெற்றவர் என்று வரையறுத்தது. அடுத்த ஐந்தாண்டுகளில், 2022 நவம்பரில், பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது. பின்னர் இந்தப் படிப்புக்கும் மருத்துவ உளவியலுக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்புத் தரவேண்டி வந்தது. இத்துறையில் சட்டம் திட்டவட்டமாக இலக்கணம் வகுத்த பெயர் ஒன்று, வழக்கொழிந்த பட்டம் ஒன்றின் மேல் நிற்க நேர்ந்தது.

ஏனைய களங்களில் 'சமூகப்பணியாளர்' என்ற பெயர் எல்லோருக்கும் பொதுவான மேய்ச்சல் நிலம். பத்ம விருதுகளில் சமூகப்பணி என்று ஒரு பிரிவு உண்டு. அதில் விருது பெறுவோரிடம் யாரும் பட்டம் கேட்பதில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் பலரின் வாழ்க்கைக் குறிப்பில் தொழில் என்ற இடத்தில் 'அரசியல் மற்றும் சமூகப்பணியாளர்' என்றே காணப்படும். மருத்துவர் என்றோ வழக்கறிஞர் என்றோ இப்படி ஒருவர் தன்னைக் குறித்துக்கொள்ள முடியாது. அத்தொழில்களுக்குப் பதிவேடு உண்டு, மன்றம் உண்டு. சமூகப்பணி முழுமைக்குமாக அத்தகைய சட்டமுறை மன்றம் இந்தியாவில் இதுவரை அமையவில்லை. 2021ஆம் ஆண்டுச் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் மருத்துவ, உளநலச் சமூகப்பணியாளர்கள் இடம்பெற்றனர். மற்றவர்கள் வெளியே நிற்கின்றனர். இத்தனைக்கும் சமூகப்பணியைக் கற்றுக் கற்பித்த ஆர்மைட்டி தேசாய், 1995 முதல் 1999 வரை பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராகவே இருந்தார். துறைக்கு அறிவுலகில் மதிப்பில்லை என்று சொல்வதற்கில்லை. மதிப்பைப் பதிவேடாக மாற்றும் அரசியல் வலிமைதான் அதனிடம் இல்லை.

இதன் விளைவைக் காட்ட ஒரு சட்டப்பிரிவே போதும். 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, இளஞ்சிறார் நீதி வாரியத்தில் ஒரு நடுவரும் இரண்டு சமூகப்பணியாளர்களும் இருப்பர். அவ்விருவரில் ஒருவரேனும் பெண்ணாக இருக்க வேண்டும். அந்தச் சமூகப்பணியாளருக்கு வேண்டிய தகுதி: குழந்தைகளின் உடல்நலம், கல்வி, நலப்பணிகளில் ஏழாண்டுகளேனும் ஈடுபட்டிருப்பது, அல்லது குழந்தை உளவியல், உளமருத்துவம், சமூகவியல், சட்டம் ஆகியவற்றில் பட்டம் பெற்றுத் தொழில் புரிவது. பட்டியலில் சமூகப்பணிப் பட்டம் இல்லை. நாற்காலியின் பெயர் சமூகப்பணியாளர். சமூகப்பணி படித்தவர் அப்பட்டத்தைக் காட்டி அதில் அமர முடியாது, ஏழாண்டு அனுபவத்தைக் காட்டித்தான் அமர வேண்டும். அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு, குழந்தைகள் நலக் குழுவுக்கான தகுதிகளில் சமூகப்பணிப் பட்டத்தைச் சேர்த்திருக்கிறது. ஆகவே இது வெறுப்பில் நேர்ந்ததாகத் தோன்றவில்லை. கவனக்குறைவாக இருக்கக்கூடும், ஆயினும் ஒரு தொழிலின் பெயரை எழுதும்போது அத்தொழிலுக்கென ஒரு படிப்பு இருப்பது நினைவுக்கு வராமற்போவது, அத்தொழிலின் நிலையைப் பற்றிச் சொல்லாமலும் இல்லை.

இன்று முதுநிலைச் சமூகப்பணி படிக்கும் மாணவர்களில் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி கண்டவர்கள் ஏராளம். வகுப்போடு களப்பணி, நாள்தோறும் களக்குறிப்பு, மேற்பார்வையாளருடன் தனிச் சந்திப்பு, கிராம முகாம் என்று ஈராண்டு உழைத்து வெளிவருபவர், கோகலேயின் சங்கத்தில் சேர்ந்தவரைப் போல வருவாயைத் துறக்கும் நிலையில் இல்லை. அவர் காணும் வேலை விளம்பரங்கள் பெரும்பாலும் ஒப்பந்தப் பணிகள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் தொண்டு நிறுவனத் திட்டங்களிலும் தொகுப்பூதியம். நிதி முடிந்தால் பணியும் முடியும். சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் 'சேவை மனப்பான்மை' பற்றி நேர்காணலில் பதில் வரும். 1905இல் அது தன்னிச்சையாக ஏற்ற உறுதிமொழி. இப்போது அது வேலை தருபவரின் சிக்கன உத்தி. சமூகப்பணி ஒரு தொழிலாக வேண்டும் என்ற மான்ஷார்ட்டின் வாதத்தில் அவரே அழுத்திச் சொல்லாத ஒரு பக்கம் இங்கேதான் புலப்படுகிறது. பயிற்சி, பணியின் தரத்தை உயர்த்தும் என்பது ஒருபுறம். சம்பளம், பணிக்கு வரக்கூடியவர் யார் என்பதையே மாற்றும் என்பது மறுபுறம்.

இந்தச் சிக்கனத்தின் மிகப் பெரிய வடிவத்தை அரசே கட்டியது. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், மேல்படியில் ஊதிய விகிதம் பெறும் அலுவலர்களையும் மேற்பார்வையாளர்களையும் வைத்தது. கீழ்ப்படியில், குழந்தையை எடைபோட்டு, உணவூட்டி, வீடு வீடாகச் செல்லும் உள்ளூர்ப் பெண்ணைக் 'கௌரவப் பணியாளர்' என்றது. அவர் பெறுவது சம்பளமல்ல, ஆனரேரியம் என்றது. 2006இல் கர்நாடக அரசு தொடர்ந்த வழக்கில், அங்கன்வாடி ஊழியர் வகிப்பது அரசுப் பதவியன்று என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 ஏப்ரலில், குஜராத் அங்கன்வாடி ஊழியர்களின் வழக்கில், அதே நீதிமன்றம் அவர்கள் பெறும் ஆனரேரியம் 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தின் பொருளில் ஊதியமே என்றும், அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்றும் கூறியது.

தமிழ்நாட்டு அரசாணைகளில் ஆனரேரியத்துக்கு வழங்கும் சொல் 'மதிப்பூதியம்'. மதிப்பைச் சொல்லவந்த இடத்தில், பெயர்த்தவர் ஊதியத்தை விட்டுவிடவில்லை. நீதிமன்றம் 2022இல் ஆராய்ந்து வந்தடைந்த இடத்தில் அச்சொல் வெகு காலமாக நின்றுகொண்டிருந்தது. தீர்ப்போ பணிக்கொடை ஒன்றைப் பற்றியது மட்டுமே. திட்ட ஆவணங்களில் 'கௌரவப் பணியாளர்' என்ற பெயர் அப்படியே தொடர்கிறது.